வெள்ளிக்கிழமைக்குள்

விசையை அழுத்தினேன்.
விசிறி இரண்டும் சீறி எழுந்தன.
விசைப்பலகை சிவப்பு, நீலம், பச்சை என்று
தீபாவளி மாதத்துச் சிராங்கூன் சாலையாக ஓடியது.
திரை மட்டும்
தன்னிடம் யாரும் எதுவும் கேட்காததுபோல் இருந்தது.

"டெஸ்ட் பண்ணியாச்சு, ஓகே லா" என்றுதான்
சிம் லிம் மூன்றாம் மாடியில் குவெக் கொடுத்தார்.
கீல் புதிது, விசிறி புதிது,
சில்லின்மேல் பசை புதிது,
நூற்று எண்பது வெள்ளி.
ஈசூன் வரை எம்ஆர்டியில்
மடியைவிட்டு இறக்கவில்லை.

லோகேன் வெள்ளி இரவு வருவான்.
தெக்கோங்கிலிருந்து படகு, பிறகு பேருந்து,
மொட்டைத் தலை, ஈரக் காலுறை நாறும் பை.
கீலை உடைத்தது யாரென்று
அவனுக்குத் தெரியாது.
அவன் முகாமுக்குப் போன மூன்றாம் வாரம்
அவன் நாற்காலியில் உட்கார்ந்து
அவன் கோட்டைக்குள் புகுந்து
அவன் எட்டு மாதம் வளர்த்த குதிரைகள் இரண்டை
ஓநாய்களுக்குக் கொடுத்துவிட்டு
ஆத்திரத்தில் மூடியை அறைந்து சாத்தினேன்.
முப்பத்தொரு வயது.
வங்கியில் பிறர் கடனைச் சரிபார்க்கும் வேலை.

சரி. முதலில் மின்கலத்தைக் கழற்று.
விசையை முப்பது விநாடி அழுத்திப் பிடி.
நினைவுச் சில்லை எடு, துடை, திருப்பி மாட்டு.
மறுபடி விசிறி, மறுபடி தீபாவளி,
மறுபடி இருட்டு. அதில்
என் மூக்குக் கண்ணாடி மட்டும் தெரிந்தது.

தொலைக்காட்சிக்கு ஒரு கம்பி இழுத்தேன்.
அம்மாவின் தொடரில் தாலி கழுத்துக்கு வந்த நேரம்
கூடம் முழுக்க ஒரு கோட்டை விரிந்தது,
பனி, கொடி, வாசலில் நிற்கும் காவலன்.
"கட்டி முடிக்கிற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"
என்றார் அம்மா.
நான் சிரித்தேன். மூளை பிழைத்திருக்கிறது.
நினைவு பிழைத்திருக்கிறது.
முகத்துக்குத்தான் சேதி போகவில்லை.

அறை விளக்கை அணைத்தேன்.
கைபேசி வெளிச்சத்தைத் திரையின்மேல்
சாய்த்துப் பிடித்தேன்.
கரியால் வரைந்து கையால் அழித்ததுபோல்
அதே கோட்டை,
அதே காவலன், அரைக்கண்ணில்.
படம் இத்தனை நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.
பின்னால் ஒளி இல்லை, அவ்வளவுதான்.

பதினொரு திருகுகள்.
அம்மாவின் மருந்துப் பெட்டியில்
திங்கள், செவ்வாய் அறைகளில் போட்டு வைத்தேன்.
புதுக் கீலுக்கு அடியில்
நாடாபோல் ஒரு வடம், ஓரம் மடங்கி,
முனை பாதிதான் உள்ளே.
குவெக்கைத் திட்ட வாயெடுத்து
விழுங்கிக்கொண்டேன்.
மூடியை அறைந்த கை அவருடையது இல்லையே.

வடத்தை நிமிர்த்தி
நகத்தால் மெல்ல அழுத்தினேன்.
க்ளிக் என்று ஒன்றும் கேட்கவில்லை.
ஏதோ ஒன்று இடம் கொடுத்தது.

மணி ஒன்றே கால். வெளிச்சம் வந்தது.
கண் கூசும்படி, வெட்கமே இல்லாமல்.
காவலனின் தாடியில் பனித்துகள்கூடத் தெரிந்தது.
குவெக்குக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினேன்,
எதற்கென்று அவருக்குப் புரிந்திருக்காது.

பிறகு விளையாட்டைத் திறந்தேன்.
கோட்டை இருந்தது. கொட்டில் இருந்தது.
இரண்டு வெற்றுத் தீவனத் தொட்டிகள் இருந்தன.
தானாகவே சேமித்துவிட்டது.
எந்தத் திருகைக் கழற்றினாலும்
அதற்குள் போக முடியாது.

காட்டுக் குதிரைகள் வடக்குச் சமவெளியில் மேயுமாம்.
நெருங்க வேண்டும், காற்றுக்கு எதிர்த்திசையில்,
ஓடாமல், முட்டிபோட்டு.
அவனுடையதில் ஒன்று சாம்பல் நிறம்,
நெற்றியில் வெள்ளைப் பொட்டு.
மற்றதன் நிறம்
எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

மருந்துப் பெட்டியின் புதன் அறையில்
ஒரு திருகு மிச்சம்.
அது கிடக்கட்டும்.
வெள்ளிக்கு இன்னும் இரண்டு இரவு.
முட்டி போட்டுவிட்டேன்.
புல் அசைகிறது.