தண்ணி வருதோ

இஞ்சின் பெட்டிக்குள் என் தலை.
வெளியே கால்கள்.
தாண்டிப் போகும்போதெல்லாம் சுகிர்தா
உள்ளங்காலில் ஒரு தட்டுத் தட்டுவாள்:
உயிரோட இருக்கிறியோ?
இருக்கிறன்.

படகுக்கு முப்பத்தெட்டு வயது.
எனக்கு இரண்டு குறைவு.
துறைமுகக் கூலி கட்டாமல்
யாரோ ஒரு பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனது.
ஏலத்துக்கு வந்தவர்கள் எல்லோரும்
பாயைத்தான் விரித்துப் பார்த்தார்கள்.
நாங்களும்.

கச்சான் விழுந்துபோன ஒரு மதியம்,
சோபர் தீவைக்கூடத் தாண்டவில்லை,
பின்பக்கம் தண்ணீர் துப்புவது நின்று
வெள்ளையாய் ஆவி.
இனிக் கன்னியாவுக்குப் போகத் தேவையில்லை,
எட்டாவது வெந்நீர்க் கிணறு எங்களிட்ட இருக்கு
என்றாள்.
இருபது லீற்றர் டீசலுக்கு
கொட்பே வள்ளம் ஒன்று கட்டி இழுத்து வந்தது.

விஷயம் இவ்வளவுதான்:
இஞ்சின் கடலைக் குடிக்கும்.
குடித்த கடல் உள்ளே சுற்றிச் சூடேறி
கடைசியில் எல்போவில் புகையைச் சந்திக்கும்,
இரண்டும் ஒரே வாயால் வெளியேறும்.
உப்பும் நெருப்பும் கரியும் கூடுகிற
அந்த ஒரு சாண் வளைவு.
குளிர வைக்க வந்த தண்ணீரேதான் அரித்தது.
வேறு யாரையும் பிடித்துத் திட்ட வழியில்லை.

நான்கு போல்ட்.
ஒன்று டீசலில் ஊறிக் கழன்றது,
ஒன்று சூடு காட்டியபின்,
ஒன்று கெட்ட வார்த்தைக்கு.
நான்காவது கழுத்தோடு முறிந்தது.
சின்னச் சத்தம். சுள்ளி ஒடிவதுபோல.
அதன்பிறகு இரண்டு மணிநேரம்
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கழற்றிய எல்போவை வெயிலில் பிடித்தால்
இரண்டு விரல் போகவேண்டிய துளையில்
பென்சில் நுழையாது.
கறள், கரி, உப்பு, மறுபடி கறள்;
உளியால் தட்டத் தட்டப்
பனங்கட்டிபோல் பெயர்ந்தது.

ரப்பர் குழாயை உருவியபோதுதான் கண்டோம்:
அடிப்பக்கத்து ஓட்டைக்கு மேல்
சோடாப் பேணி ஒன்றை வெட்டிச் சுற்றி,
கம்பியால் ஏழு முறுக்கு.
ஏழும் ஒரே அளவு.
தகரத்தில் ஒரு மாம்பழப் படம், பாதி கருகி.
எந்த நாட்டு எழுத்தென்று தெரியவில்லை.
எங்கோ நடுக்கடலில்
இதே பெட்டிக்குள் இதேபோல் தலையை விட்டு,
கரை காணும்வரை தாங்கினால் காணும் என்று
முறுக்கியிருக்கிறான்,
இத்தனை நாளும் நாங்கள் திட்டிய மனிதன்.
தாங்கியிருக்கிறது.

இஸ்ஸதீனின் பட்டறை பஸ் நிலையத்துக்குப் பின்னால்.
கிண்ணியாவிலிருந்து தினமும் வந்து திறப்பார்.
எல்போவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
வளைவின் கோணத்தை
மகளின் பழைய கொப்பி மட்டையில் கீறினார்.
மட்டையின் மறுபக்கம் ஏழாம் வாய்ப்பாடு.
எவர்சில்வர் குழாயில் ஒட்டித் தாறன்,
உங்களுக்குப் பிறகும் கிடக்கும் என்றார்.
ஒட்டும் வெளிச்சத்தைப் பார்க்க
வாசலில் மான் ஒன்று வந்து நின்றது.
கண் கெட்டுப்போகும், போ,
என்றார் அதனிடம்.

முறிந்த போல்ட்டைத் துளைத்தெடுக்க
ஒரு முழுநாள் போயிற்று.
அதைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

ஞாயிறு காலை.
சுகிர்தா பின்பக்கம் குப்புறப் படுத்து
தலையைத் தண்ணீருக்கு மேல் தொங்கவிட்டாள்.
சாவியைத் திருகினேன்.
இரண்டு இருமல். பிறகு பிடித்துக்கொண்டது.

தண்ணி வருதோ?
இல்லை.
தண்ணி வருதோ?
பொறு.

நிறுத்துகிற பொத்தானில் விரலை வைத்தபடி
அந்தப் 'பொறு'வுக்குள் இருந்தேன்.

ஒரு துப்பல்.
முதலில் கறுப்பு, பிறகு செங்கல் நிறம், பிறகு
அவளிடமிருந்து சத்தமே இல்லை.
எட்டிக் கையை நீட்டிப் பிடித்திருக்கிறாள்.
இளஞ்சூடாய் இருக்கு, என்றாள் மெதுவாக,
வந்து தொட்டுப் பார்.

நான் போகவில்லை.
மூக்குக்கு நேரே, பம்ப்பின் அடியில்,
சொட்டு ஒன்று திரண்டு
கொஞ்சம் யோசித்து
விழுந்தது.

கை தன்பாட்டில்
மாம்பழத் தகரத்தைத் தேடியது.