சுற்றறிக்கை

நான்கு வரிதான். நான்தான் எழுதினேன்,
நிர்வாகக் குழுவின் செயலாளர் என்ற முறையில்,
ஒரு புதன் இரவு, சாப்பிட்ட தட்டைக் கழுவாமல்.

"தங்குவிடுதி வாகன வசதி
வரும் ஞாயிறு முதல்
மறுபரிசீலனைக்கு உட்படுத்தப்படுகிறது.
தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

அனுப்புமுன் மூன்று பேர் பார்த்தார்கள்.
போதகர் விட்டுப்போன ஓர் ஒற்றைச் சேர்த்தார்.
வழக்கறிஞர் பொன்னுத்துரை
'வருந்துகிறோம்' என்றிருந்ததை எடுத்தார்;
வருந்தினால் பொறுப்பேற்றதாக ஆகுமாம்.
பொருளாளர் கட்டைவிரல் ஒன்று போட்டார்.

நடந்தது இவ்வளவுதான்:
வேன் ஓட்டும் ஞானராஜ் அண்ணனுக்கு
இடது முழங்காலில் அறுவை. ஆறு வாரம் ஓய்வு.
முழங்கால் என் முதல் வரைவில் இருந்தது.
தனிப்பட்ட விவரம் என்று
அதுவும் போனது.

அந்த ஞாயிறு பின்வரிசையில் மூன்று பெஞ்சு காலி.
அடுத்த ஞாயிறும்.
பாட்டில் ஆண்குரல் மெலிந்தது;
கீபோர்டுப் பையன் சத்தத்தைக் கூட்டிச் சரிக்கட்டினான்.
பிரசங்கம் வார்த்தையைப் பற்றித்தான்.
கூட்டக் குறிப்பில் நானே பதிந்தேன்:
வருகை குறைவு. காரணம், பருவமழை.

மூன்றாம் ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு
கிராஞ்சிக்கு ரயில் ஏறினேன்.
அங்கிருந்து பஸ். சுங்கை காடுட்,
மரத்தூள் வாசம், லாரிகள்,
பெயர் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு நோட்டு.

தவசிங், நாசரேத்துக்காரர்,
துவைத்த சீருடையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.
ஈரக் கையைத் துடைத்துவிட்டு
என் நான்கு வரியை எனக்கே வாசித்தார்,
'மறுபரிசீலனை'யில் ஒருமுறை தடுக்கி,
மறுபடி தொடங்கி.
அதுவரை அதை நான் காதால் கேட்டதில்லை.

"போன வருஷம் வேல்சாமியக் கம்பெனி ஊருக்கு அனுப்பிச்சுதுல்ல,
அந்தக் கடுதாசியிலயும் இதேதாங்க்கா.
மறுபரிசீலனை. ஒத்துழைப்புக்கு நன்றி.
அதுக்கு மேல நாங்க கேக்க மாட்டோம்.
பழகிடுச்சு."

கோபப்பட்டுச் சொல்லியிருக்கலாம்.
மைலோ கலக்கித் தந்தபடி சொன்னார்,
சீனி கொஞ்சம் தூக்கலாக.

முழங்காலைச் சொன்னேன்.
"அண்ணனுக்கா? இப்ப எங்க இருக்காரு?"
மேல்கட்டிலில் படுத்திருந்தவர்
எழுந்து உட்கார்ந்தார்.
"இத ஏங்க்கா எழுதல?"

மறுநாள் வேலை முடிந்து நான்கு பேர்
ஈசூனில் அவர் வீட்டுக்குப் போனார்கள்,
ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக, பூட்ஸைக் கூடக் கழற்ற நேரமில்லாமல்.
குழுவிலிருந்து அதுவரை யாரும் போயிருக்கவில்லை.
நானும்தான்.

அடுத்ததை யாருக்கும் காட்டாமல் அனுப்பினேன்:
"ஞானராஜ் அண்ணன் சுவரைப் பிடித்து நடக்கிறார்.
வேன் வர இன்னும் மூணு வாரம் ஆகும்.
போன செய்தியை மோசமா எழுதிட்டேன், மன்னிச்சிடுங்க.
ஞாயிறு எட்டு மணிக்கு கிராஞ்சி ஸ்டேஷன் வாசல்ல
மஞ்சக் குடையோட நிப்பேன். ரயில் காசு என்னோடது.
ஹெப்சிபா."

காலையில் பொன்னுத்துரை அழைத்தார்.
மன்னிப்பை எழுத்தில் கொடுத்தது
குழுவின் சார்பிலா, என் சார்பிலா என்று கேட்டார்.
யோசிக்கிறேன் என்றேன். இன்னும் யோசிக்கிறேன்.
போதகர், ஒற்று இரண்டு இடத்தில் இல்லை என்று மட்டும் அனுப்பி,
கொஞ்சம் கழித்து,
'நானும் கிராஞ்சிக்கு வரட்டுமா?' என்றார்.

ஞாயிறு. எட்டு பத்து.
மழை சாய்ந்து அடிக்கிறது, வாசலில் யாரும் இல்லை.
என் குடையின் ஒரு கம்பி உடைந்திருப்பதை
இப்போதுதான் பார்க்கிறேன்.

கைப்பேசி அதிர்கிறது. குரல் செய்தி,
பின்னால் பஸ் இரைச்சல்,
யாரோ யாரையோ தள்ளி உட்காரச் சொல்கிறார்கள்:

"அக்கா, பதினோரு பேர் வர்றோம்.
ஒரு குடை பத்தாது."