பாதி

ஐந்து சொல் வாக்கியங்கள்.
கோமதி ஏழு பச்சை நாற்காலி விற்றாள்.
தணிகா மூன்று ஈரக் குடை கேட்டான்.
ஊகிக்க வழி இருக்கக் கூடாது, அதனால்தான் இப்படி.
எந்த வீட்டிலும் யாரும் இந்த மாதிரிப் பேசுவதில்லை.

பின்னால் இரைச்சல்.
அதையும் அதே பெண்ணின் குரலில்தான் செய்கிறோம்.
அவள் பேசியதை முப்பது அடுக்கு
ஒன்றன்மேல் ஒன்று போட்டால்
தகரக் கூரை மழையாகிவிடும்.
அவளை அவளே மூடுவாள்.

முழுக்கப் புரியும் இடம் எங்களுக்குத் தேவையில்லை,
ஒன்றுமே புரியாத இடமும்.
பாதிச் சொல் வந்து பாதி நழுவுகிற
அந்த டெசிபலைத் தேடி
ஏற்றுகிறேன் இறக்குகிறேன்,
கிரீன் சர்க்கிள் பஸ் ஹாரன் எட்டாத பஞ்சுச் சுவர் அறை,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.

முனிரத்தினம். ஐம்பத்து நான்கு. ராணிப்பேட்டை.
தோல் ஷெட்டில் இருபத்தாறு வருஷம் டிரம் ஓட்டியவர்.
"அடிக்கிற டிரம் இல்லம்மா. சுத்துறது.
ரூம் உசரம் இருக்கும்."
கதவைச் சாத்தியதும் கையால் காதைத் தட்டிக்கொண்டார்.
"இன்னாம்மா இது, ஒரு சத்தமும் இல்ல,
பயமாக் கீது."

நாற்காலியில் மூன்று தப்பு. குடையில் ஒன்று.
இரைச்சலை ஏற்ற ஏற்ற
அவர் தோள் தளர்ந்து இறங்குவதைப் பார்த்தேன்,
வேலைக்குத் திரும்பிய ஆள் மாதிரி.

அப்போதுதான் கை தவறியது.
தமிழுக்கு நேர் மேலே இருந்தது
போலந்து ஆய்வகம் மாதிரிக்கு அனுப்பிய கோப்பு.
மழைக்குள்ளிருந்து வேறொருத்தி:
மரியா கூப்பி ஷெஷ்ச் தானிஹ் கூவ்.

நிறுத்துவதற்குள் சொல்லிவிட்டார்:
"மாரி கூப்பிடறான்."

எந்த மாரி?

"பெல்ட்டாண்ட நிப்பான். அன்னிக்கும் இதே மாதிரிதாம்மா.
மாரி கூப்பிடறான்னு தெரிஞ்சிது.
எதுக்குன்னு தெரியல.
பெல்ட்டு சத்தம்னு வுட்டுட்டேன்."

மைக்கின் பொத்தானில் விரல் இருந்தது.
அழுத்தினால்தான் என் குரல் உள்ளே போகும்.

மரியா ஆறு மலிவான சக்கரம் வாங்குவாள்.
அர்த்தம் திரையில் பக்கத்திலேயே இருந்தது.
சொல்லவில்லை.

தாளில் ஐந்து கட்டம்.
விதிப்படி ஐந்திலும் சுழி,
அல்லது தவறான கோப்பு, ரத்து.
பேனா மூடியைத் திறந்து
திரும்ப மூடினேன்.

"இன்னொரு தபா போடும்மா,
அந்த சத்தத்த மட்டும் கொஞ்சம் கொறச்சி."

ஒரு வாக்கியத்தை இரண்டாவது முறை
போடவே கூடாது.

நான்கு டெசிபல் குறைத்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவர் கண்ணை மூடி,
கழுத்தை முன்னால் நீட்டி,
ஒரு கையைத் தூக்கி வைத்திருந்தார்,
டிரம்மை நிறுத்தச் சொல்லிக் காட்டுவது போல.