செய்முறை: நிலுவை

நாற்பதாம் ஆண்டு மலருக்குப்
பள்ளியின் வரலாறு வேண்டுமாம், இரண்டு பக்கத்தில்.
எனக்குத் தெரிந்தது களஞ்சியப் புத்தகம் மட்டும்.
அதைப் பார்த்து எழுதுகிறேன்.

முதற்பக்கம், 1978:
பெரிய தாச்சி ஒன்று, அகப்பை பன்னிரண்டு,
கப்பலில் கழற்றிய மணி ஒன்று.
கிரேக்கக் கப்பல்களில் இருபது வருடம் சமைத்த எமிலியாம்பிள்ளை
கொக்குவிலில் ஒரு சுருட்டுக் கொட்டிலை
வாடகைக்கு எடுத்துத் திறந்தார்.
வெண்ணெய் உருக்கினாலும் புகையிலை மணந்தது.
முதல் அணி ஒன்பது பேர், ஒன்பதும் ஆண்கள்.
'பெடியன் சமைக்கப் படிக்கிறானாம்' என்று
ஊர் சிரித்ததற்குப் புத்தகத்தில் நிரல் இல்லை.

சட்டியை முக்காலுக்கு மேல் நிரப்ப விடமாட்டார்.
கப்பல் பழக்கம்.
'இது தரைதானே, ஆடாதே' என்றான் ஒருவன்.
'ஆடும்' என்றார்.

தொண்ணூறு ஆனியிலிருந்து
என் கையெழுத்துச் சிறுக்கிறது, தாளுக்கும் தட்டுப்பாடு.
காஸ்: இல்லை. கோதுமை மா: இல்லை.
சீனிக்குப் பனங்கட்டி என்று ஊர் சமாளித்தது;
நான் 'சீனி: இல்லை' என்றே எழுதினேன்.
கணக்கு சமாளிக்கக் கூடாது.

தவமலர் ரீச்சர் கரும்பலகையில் கஸ்டர்ட் காய்ச்சினார்.
தொண்ணூற்றொன்றில் இறுதிச் சோதனை:
பதினைந்து பேர், பதினைந்து வெறுங்கிண்ணம்.
இல்லாத வெண்கருவை
இல்லாத கம்பியால் அடித்தார்கள்.
மணிக்கட்டைப் பார்த்துப் புள்ளி போட்டார் ரீச்சர்.
கமலவேணி நடுவில் நிறுத்தினாள்.
ஏன்?
'கட்டிபட்டிட்டுது ரீச்சர்,
இனி அடிச்சால் தண்ணி விடும்.'

ஆனாலும் காற்றுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.
பதினைந்து தாளிலும் நானே எழுதினேன்:
எழுத்து: சித்தி.
செய்முறை: நிலுவை.

தொண்ணூற்றைந்து ஐப்பசி.
மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தில்
ஓர் ஊரே அடி அடியாய் நகர்ந்தது.
தாச்சியைத் தலையில் கவிழ்த்து
அதன் கீழ் புத்தகத்தைக் கொண்டுபோனேன்.
கொடிகாமத்தில் அதில்தான் கஞ்சி.
அன்று மட்டும் விளிம்புவரை நிரப்பினோம்.

திரும்பியபோது கூரை இல்லை, மணி இல்லை.
போறணைக்குள் வெற்று ரவைக்கோதுகள்.
பழக்கதோஷத்தில் எண்ணிவிட்டேன், நூற்றுப்பதினொன்று.
ஏற்றவில்லை.

பாதை திறந்தது, பூட்டியது, திறந்தது.
இப்போது துருவேறாத மேசைகள், குளிரறை,
நாலாம் தரச் சான்றிதழ்.
மார்கழி மார்கழியாய் மாலைதீவு விடுதிக்காரர் வந்து
பிள்ளைகளை அணியோடு அள்ளிப்போகிறார்கள்.
ஆடும் தரைக்கு இன்னும் ஆள் தேவை.

2014 ஆவணியில் ஒரு பெண் வந்தாள்.
வவுனியாவில் சோற்றுப்பார்சல் கடையாம்.
கைப்பையில் நாலாய் மடித்த சான்றிதழ்.
'மிச்சத்தைச் செய்து முடிக்கலாமோ?'
அதிபர் சுற்றறிக்கைகளைப் புரட்டினார்.
எந்தச் சுற்றறிக்கையும் இதை நினைத்திருக்கவில்லை.
நான் புத்தகத்தைத் திறந்தேன்:
முட்டை நாலு, கம்பி ஒன்று. வேணி ஒப்பமிட்டாள்.

சோதித்தவன் சேந்தன், இருபத்தாறு வயது.
இயந்திரம் இருக்கு அக்கா, என்றான்.
அவள் கையாலேயே அடித்தாள்,
ஒரு கணத்தில் நிறுத்தினாள்.
கிண்ணத்தை வாங்கி
அவள் தலைக்கு மேலேயே கவிழ்த்தான்.
விழவில்லை.

தொப்பி அணியாததற்கு எட்டுப் புள்ளி வெட்டினான்.
சரிதான், சட்டம் சட்டம்தான்.

இன்னும் பதினாலு பேர் நிலுவை.
மூன்று பேர் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்;
பெயரை வெட்டுவது களஞ்சியத்தின் வேலையல்ல.
ஆளுக்கு நாலுபடி ஐம்பத்தாறு முட்டை
மாதா மாதம் மேலதிகமாய்க் கோருகிறேன்.
மாதக் கடைசியில் பிள்ளைகள் பொரித்துத் தின்கிறார்கள்.
முதலாம் திகதி மறுபடி ஐம்பத்தாறு.

பக்கம் கூடிவிட்டதென்றால்
மாலைதீவை வெட்டுங்கள்.
முட்டையில் கைவைக்க வேண்டாம்.