ஊசித்துளை

வூட்ச் நகரம். மூன்றாம் நாளாகப் பனி.
பத்தாம் எண் டிராமை டிப்போவில் விட்டுவிட்டு
முழங்காலை இழுத்துக்கொண்டு நாலு மாடி ஏறினேன்.
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
ஆஸ்பத்திரியில் கொடுத்த சி.டி.யை
(என் முழங்காலின் உட்புறம் அதில் இருக்கிறதாம்)
கணினியின் வாயில் வைத்தேன்.

கர்ர்ர். நிறுத்தம். கர்ர்ர். டக்.
'சி.டி.யைப் போடவும்' என்கிறது திரை.
போட்டாயிற்றே.
பிறகென்ன, இவ்வளவு நேரம் நீ மெல்லுவது அவலா?

டப்ளினில் இருக்கும் தம்பி லெஷெக்கிற்குப் போன்.
'அணைத்துப் போடு.' போட்டேன்.
'பக்க மூடியைக் கழற்று, பட்டைக் கேபிளைப் பிடுங்கிச் செருகு.'
செருகினேன். விரலில் ரத்தம். உள்ளே
பூனை முடி, ஒரு சூரியகாந்தி விதை.
'அப்படியானால் லென்ஸில் அழுக்கு.'
அதைத் துடைக்கத் தட்டு திறக்க வேண்டுமே.
பொத்தானை அழுத்த அழுத்த
கல்லுளிமங்கன், அசையவில்லை.

வால்டெமார் சோபாவில் இருந்தபடி
'பழைய சாமான், விட்டுத் தள்ளு' என்றார்,
மூன்று தரம்.
எதையும் ஒரு தரம்கூடச் சொல்லாத மனிதர்.

முன்பக்கத்தில், பச்சை விளக்குக்குக் கீழே
ஊசித்துளை ஒன்று இருக்கிறது.
ஆறு வருடம் தூசி துடைத்திருக்கிறேன், பார்த்ததில்லை.
மின்சாரத்தை நிறுத்திவிட்டு
(முதல் தடவை நிறுத்தவில்லை; லெஷெக்கிடம் சொல்லவேண்டாம்)
காகிதக் கவ்வியை நிமிர்த்தி
நேராக விட்டேன், ஏதோ இளகும்வரை.
ஒரு விரற்கடை நாக்கு நீண்டது.
பிடித்து இழுத்தேன்.

மேலே என் முழங்கால்.
அதன் அடியில் இன்னொன்று:
எழுத்தில்லை, வெள்ளிப் பூச்சில்லை,
தூக்கிப் பிடித்தால் சுவர்க்கடிகாரம் அதன் வழியே
பத்தேகால் காட்டுகிறது.
ஐம்பது சி.டி. கட்டின் உச்சியில்
கீறல் விழாமலிருக்க வைப்பார்களே,
அந்த வெறும் பிளாஸ்டிக்.

நேற்று நள்ளிரவில்
இந்த அறையில் வெளிச்சம் இருந்தது.
எதை எழுதப் பார்த்தாரோ அதில்,
எவ்வளவு நேரமோ.

வால்டெமார் எழுந்து போய்
டீக்குத் தண்ணீர் வைத்தார். கேட்காமலே.

'என்னதான் ஆச்சு?' டப்ளினில் லெஷெக்.
'லென்ஸ்தான்' என்றேன்.

திரும்ப மூடினேன். ஒரே மூச்சில் சுழன்றது.
சாம்பல் நிறத்தில் என் முழங்கால்
யாரும் போகாத கிரகம்போல எழுந்து வந்தது.
அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
திரைக்கு வெகு அருகில் குனிந்தார்:
'இதில் எங்கே வலிக்கிறது?'