வைக்கோல் ஜெயித்த வருஷம்

விளக்குக் கண்ணாடி வந்த பெட்டிகளில்
அமெரிக்காக்காரன் பத்திரிகையைக் கசக்கி அடைத்திருந்தான்.
எனக்குச் சம்பளம் கண்ணாடியை எண்ண:
உடைந்தது எத்தனை, உடையாதது எத்தனை.
பத்திரிகையை யாரும் எண்ணச் சொல்லவில்லை.

புதுச்சேரிப் பாலத்தில் அன்றைக்கு
இங்கிலீஷ் படித்த கணக்கன் நான் ஒருவன்தான்.
மஞ்சக்குப்பம் மிஷன் பள்ளியில்
பிரம்புக்குப் பயந்து படித்த ஆறு வருஷம்
குருசுக்குப்பத்துச் சாராயக் கடையில் செலவாகும் என்று
அந்த வாத்தியார் கண்டாரா?

முழங்காலில் வைத்து நீவினால்
சுருக்கங்களுக்கு நடுவே ஓர் ஆட்டம் தெரியும்.
ஒன்பது பேர். ஒரு மட்டை. நாலு மூலை.
சம்பளம் வாங்கிக்கொண்டு பந்து பிடிக்கிறவர்கள்.
"சம்பளமா?" என்றான் சலங்குக்காரன் வேதமுத்து,
நெஞ்சளவு அலையில் மல்லாட்டை மூட்டை சுமக்கிறவன்.
"வாரத்துக்கு எவ்வளவு?"
அது கிழிந்த பக்கத்தில் இருந்தது.

சித்திரையிலிருந்து பந்தயம் கட்டினார்கள்.
கொக்குக் கட்சி, கொல்லர் கட்சி.
கொல்லர்களுக்குப் பந்து எறிகிறவன் பேர் ஹாலரன்,
கடைக்குள் நுழைந்ததும் அலறான் ஆகிவிட்டான்.
"அலறான் இன்னைக்கு எறியிறானா?"
இன்றைக்கு என்பது மூன்று மாதத்துக்கு முந்தியது.
அது எல்லோருக்கும் தெரியும்.
தெரிந்தால் என்ன,
நட்சத்திரமும் பழைய வெளிச்சம்தானாம்,
பாதிரியார் சொன்னார், அதற்காக யாரும்
பார்க்காமல் இருக்கிறோமா?

கடைசி மூலைக்குப் பேர் வீடு.
ஒருத்தன் வீட்டைத் திருடினான் என்று வாசித்தேன்.
"திருடினதுக்கா கை தட்டுறான்?"
கடையே சிரித்தது. அவர்களில் நாலு பேர்
கெடிலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மூட்டை உப்புக்காக
ஆறு மாசம் உள்ளே இருந்தவர்கள்.

பெட்டிகள் வரிசையாய் வரவில்லை.
ஆவணியில் விரல் முறிந்து
தோளில் தூக்கிப் போகப்பட்ட அலறான்
அடுத்த பெட்டியில், ஆடி மாதத்தில்,
பத்து விரலோடு சிரித்துக்கொண்டு நின்றான்.
வேதமுத்து அவனைப் பார்த்து,
அந்த மசி பூத்த முகத்தைப் பார்த்து,
"டேய், ஆவணியில ஜாக்கிரதையா இரு" என்றான்.
அன்று யாரும் சிரிக்கவில்லை.

கடைசிக்கு முந்தின ஆட்டம்வரை சரிசமம்.
கடைக்கார மார்கண்டுவின் தகர டப்பாவில்
பதினொன்றே முக்கால் ரூபாய்.
தை மாதம் கப்பல் வந்தது. கடல் கொந்தளிப்பு.
பெட்டிகளை இறக்கவே மூன்று நாள்.
மூன்று நாளும் பாலத்துக் கம்பியைப் பிடித்தபடி
உப்புச் சாரலில் நின்றார்கள்,
ஏதோ பிரசவத்துக்குக் காத்திருப்பதுபோல.

ஆணி பிடுங்கினேன்.
வைக்கோல்.
அடுத்த பெட்டி. வைக்கோல்.
இருபத்தாறு பெட்டியிலும்
பொன்னிறமாய், காய்ந்து, ஓர் எழுத்தும் இல்லாமல்.

நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.
ஒன்பதாவது சுற்று, முறிந்த விரல், கடைசிப் பந்து,
எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.
எண்ணிப் பழகிய வாய், திறக்கவில்லை.

"யாருதான்யா ஜெயிச்சது?"
வேதமுத்து ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்தான்.
"வைக்கோலு" என்றான்.
மார்கண்டு டப்பாவைத் திருப்பித் தரவேயில்லை.
பிறகு அந்தக் கடையில்
முடியாத வழக்கு, வராத கடன், ஓடிப்போன மாப்பிள்ளை
எதற்கும் அதுவே தீர்ப்பானது.

பங்குனியில் கணக்குப் பார்க்க வந்த முசியே
என் பேரேட்டின் பின்பக்கத்தைத் திருப்பினார்.
கட்டம் கட்டமாய்ச் சுழி, ஒன்று, சுழி, மூன்று.
கடைசிக் கட்டத்தில் ஒன்றுமில்லை.
"இது என்ன சரக்கு?"

"கண்ணாடி, முசியே."
"இந்த இடம்?"
"இன்னும் வந்து சேரவில்லை."

கண்ணாடி போட்டுப் பார்த்தார்.
தேதி எழுதி, கீழே ஒப்பமிட்டார்.