பதினொன்றாம் படி

ஆளைத் தூங்காமல் தூங்கவைப்பது
என் வேலையில் பாதி.
கிளைப்பேதா, துறைமுகச் சாலை,
இரண்டாம் மாடியில் பல் மருத்துவமனை.
ஊசிக்கு அஞ்சும் கிரேன் ஓட்டுநர்கள்
என் குரலைப் பிடித்துக்கொண்டு
இருபது படி இறங்குவார்கள்.
வாய் திறந்தபடி இருக்கும்;
நாற்காலியின் கைப்பிடியிலிருந்து
விரல்கள் ஒவ்வொன்றாய்க் கழலும்.
இதற்கு அறிதுயில் என்று பெயர்.

விதேனிஸ் கப்பலேறி மூன்றாம் மாதம் கேட்டான்:
"அதை எனக்கும் செய்யேன்."
"பல் வலியா?"
"இல்லை. பிடரி.
ஏசிக் குளிரில் விறைத்துப்போகிறது."

அங்கோலாவுக்கு மேற்கே
கடலடியில் வடம் இறக்கும் கப்பல் அது.
நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர்,
யார் யாரோ யார் யாரோடோ பேசிக்கொள்ள.
எங்கள் பேச்சு மட்டும் வானம்வரை போய்
அரைநொடி பிந்தித்தான் வரும்.
அதற்கும் இடம் விட்டு எண்ணப் பழகினேன்.

இருபது. தோள் கனக்கட்டும்.
பத்தொன்பது. தாடையைத் தளர்த்து,
வாயை நன்றாகத் திற
(பழக்க தோஷம். சிரிப்பான்,
அரைநொடி கழித்து).
பதினாறு. காலணியைக் கழற்றிவிட்டாய்.
ஏழு. இது நம் மாடிப்படி,
பலகை முனகும் இடம், பார்த்து வை.
மூன்று. கதவு.
ஒன்று.
கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும்
சேர்த்து அழுத்து.
உன் பிடரியில் இப்போது இருப்பது என் கை.

"சூடாக இருக்கிறது," என்றான்.
"கையுறைப் பவுடர் வாசனைகூட."
வாசனையை நான் சொல்லித்தரவில்லை.

மற்றதை இங்கே எழுதப்போவதில்லை.
சொல் போன இடமெல்லாம்
தோலும் போனது. அவ்வளவுதான்.
மேலே ஏற்றிக் கொண்டுவரும்போது மட்டும்
அவசரப்பட மாட்டேன்.
ஐந்து எண்ணுவதற்குள்
கெட்டிலில் தண்ணீர் கொதித்துவிடும்.

பிப்ரவரியில் ஒருநாள்,
ஒன்பது வயதுப் பையன் ஒருவன் என் விரலைக் கடித்தான்.
மாலையில் கடைவாய்ப்பற்கள் இரண்டு,
இரண்டும் வர மறுத்தவை.
இரவு படுத்தபடியே எண்ணத் தொடங்கினேன்.
பதினைந்து சொன்னது நினைவிருக்கிறது.

விழித்தபோது மணி நான்கு.
தலையணையில் கைபேசி,
காய்ச்சல் குழந்தைபோல் கொதித்துக்கொண்டு.
அதற்குள் எஞ்சின் இரைச்சல்.
இரைச்சலுக்குக் கீழே அவன் குரல், மிக மெல்ல:
"மூன்று. நான்கு. விரல்களை அசைத்துப் பார்."

"எவ்வளவு நேரமாக?"
"ஒன்பதிலேயே நீ போய்விட்டாய்.
மிச்சத்தை நான் எண்ணினேன்.
எழுப்ப மனம் வரவில்லை, அப்படியே இருந்தேன்."
"நீ இறங்கவில்லையா?"
"நான் எந்நாளும் பதினொன்றைத் தாண்டியதில்லை, டைவா.
அங்கேயே உட்கார்ந்து
நீ இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்."

இத்தனை மாதமும்.
எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
"அப்படியானால், பிடரியில் கை?"

அரைநொடி.
பிறகு இன்னொரு அரைநொடி;
அது வானத்தினுடையது அல்ல.

"அது இருந்தது," என்றான்.

மே மாதம் வந்தான்.
தாடியில் உப்பு, பையில் அழுக்குத் துணி,
எனக்கென்று ஒரு துண்டு வடம்:
குறுக்கே அறுத்தது, மோதிரம் அளவு,
உள்ளே முடியிழைபோல் கண்ணாடி.
சாப்பிட்டு, தட்டுகளைக் கழுவிவிட்டு வந்து
சோபாவில் அவன் பின்னால் நின்று
பிடரியில் கை வைத்தேன்.
திடுக்கிட்டான். "ஜில்லென்று இருக்கிறதே."
குழாய்த் தண்ணீர், என்றேன்.

கையை எடுக்கவில்லை.
மடியில் அவனது வலக்கை,
எனக்குத் தெரியாது என்று நினைத்து,
கட்டைவிரலை ஆள்காட்டிவிரலோடு
மெதுவாகச் சேர்த்து அழுத்தியது.

பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.
ஏற்கெனவே அங்கிருந்த கைக்கு
என் கையைச் சற்று நகர்த்தி
இடம் விட்டேன்.